கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டில்: இடமும் தரையும் எருவும்

குடியானவர்க்கு ஏற்படும் நஷ்டங்களில் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல. மழையின்றிப் பயிர் காய்ந்தால் ஊரார் அனைவரும் அறிவர். கதிரில் பூச்சி விழுந்தால் அக்கணமே மருந்தைத் தேடி ஓடுவர். ஆனால் தமது வீட்டுக் கொல்லைப்புறத்திலே, மாட்டுக்கொட்டிலின் மண்தரையிலே, இரவுதோறும் ஊறி மறைந்துபோகும் பொருளின் மதிப்பு என்னவென்று கணக்கிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. அப்பொருள் மாட்டு மூத்திரம்.

புதிதாய்க் கொட்டில் கட்ட எண்ணுவோர் முதலில் கேட்பது கூரையைப் பற்றியே. ஓடு போடலாமா, கீற்று வேயலாமா, தகரம் போடலாமா என்று பலவாறு யோசிக்கிறார்கள். தரையைப் பற்றியும், தரையின்மேல் விழுவது எங்கே போகிறது என்பதைப் பற்றியும் கேட்பவர் அரிது. கொட்டில் என்பது மாட்டை மழைக்கும் வெயிலுக்கும் காக்கும் கூடு மாத்திரமன்று. அது நிலத்துக்கு வேண்டிய எருவை உண்டாக்கும் ஆலையுமாகும். ஆதலால் அதனைக் கூரையிலிருந்து கீழ்நோக்கித் திட்டமிடாமல், தரையிலிருந்து மேல்நோக்கித் திட்டமிடல் வேண்டும். இக்கட்டுரையின் கருத்து இதுவே.

நஷ்டத்தின் கணக்கு

வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 8 லிட்டர் மூத்திரம் விடுவதாகக் கொள்வோம். அதில் பாதி மேய்ச்சலிலும் வேலையிலும் போய்விட, மீதி 4 லிட்டரே இரவில் கொட்டிலில் விழுகிறதென்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாட்டு மூத்திரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு தழைச்சத்து உண்டு. சாணத்திலோ இதன் பாதிகூட இராது. சாம்பல்சத்தும் மூத்திரத்திலேயே மிகுதி. மணிச்சத்து மட்டும் சாணத்தோடு தங்கிவிடுகிறது.

இக்கணக்கின்படி ஒரு மாட்டினால் ஓரிரவில் 40 கிராம் தழைச்சத்து கொட்டிலில் விழுகிறது. வருஷம் ஒன்றுக்கு 14½ கிலோவுக்கு மேலாகிறது. ஐந்து மாடுகள் உள்ள வீட்டில் இது 73 கிலோ. சேமிக்கும்போது ஆவியாகவும் வேறு வகையிலும் பாதி போய்விட்டாலும், 36 கிலோவுக்குக் குறையாமல் கைக்கு வரும். இது 79 கிலோ யூரியாவிலுள்ள சத்துக்குச் சமானம். அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மூட்டை. கடையில் காசு கொடுத்து இம்மூட்டைகளை வாங்கி வண்டியில் ஏற்றி வரும் அதே குடியானவரின் வீட்டுக் கொல்லையில், அதே சத்து மண்ணுக்குள் இறங்கிக் கொண்டிருக்கிறது. இறங்குவது வீணாவதோடு நில்லாமல் பக்கத்திலுள்ள கிணற்று நீரையும் கெடுக்கிறது என்பதே இதில் கவலைக்குரிய விஷயம்.

நஷ்டம் எருவோடும் முடிவதில்லை. ஈரமும் சேறுமான தரையில் இரவெல்லாம் படுக்கும் கறவை மாட்டுக்கு மடிவீக்கம் எளிதில் காண்கிறது. எப்போதும் நனைந்திருக்கும் குளம்பு மிருதுவாகி அழுகுகிறது. ஈயும் கொசுவும் அங்கேயே பெருகுகின்றன. நல்ல விலை கொடுத்து வாங்கிய மாட்டின் ஒரு காம்பு மடிவீக்கத்தினால் வற்றிப்போகுமாயின், அந்த நஷ்டத்தில் தரை போடும் செலவின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இடம் தெரிந்தெடுத்தல்

கொல்லையில் மேடான பாகத்தையே கொட்டிலுக்குத் தெரிந்தெடுக்க வேண்டும். நல்ல மழை பெய்து ஓய்ந்தவுடன் கொல்லையைச் சுற்றி ஒருமுறை நடந்தால், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வழியாக ஓடுகிறது என்பது தானே தெரியும். அவ்விடங்களை விலக்குக. மேடான இடம் கிடையாவிட்டால், தரைமட்டத்துக்கு மேல் ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரம் மண் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டுக் கெட்டித்து, அதன்மேல் கட்ட வேண்டும்.

குடிநீர்க் கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் இடையே 50 அடிக்குக் குறையாத தூரம் இருத்தல் நலம். எருக்குழி இன்னும் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் அமைய வேண்டும். வைக்கோற்போரைக் கொட்டிலை ஒட்டிப் போடுவது சௌகரியமாய்த் தோன்றினும், தீ விபத்து நேர்ந்தால் இரண்டும் ஒருங்கே போய்விடும். ஆகையால் 30 அடியாவது விலக்கிப் போடுக. காற்று அதிகமாய் வீசும் திசையைக் கவனித்து, கொட்டிலின் நாற்றமும் ஈயும் சமையற்கட்டுக்கு வாராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொட்டிலின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருப்பது நமது வெப்பப் பிரதேசங்களுக்கு ஏற்றது. உச்சி வெயிலும் மாலை வெயிலும் மாட்டின்மேல் நேராக அடிப்பது இதனால் குறையும். மாடுகள் வடக்கு நோக்கி நிற்க, தீனித்தொட்டி வடபுறச் சுவரை ஒட்டியும் சாக்கடை தென்புறமாகவும் அமையுமாயின் இன்னொரு நன்மையும் உண்டு. சூரியன் தென்புறம் சாய்ந்து செல்லும் புரட்டாசி முதல் பங்குனி வரையில், காலை மாலை வெயில் சாய்வாக உள்ளே புகுந்து, ஈரமான பின்பாகத்தை உலர்த்தும். மழை மிகுந்து வெப்பம் குறைந்த இடங்களில் வடக்குத் தெற்காகக் கட்டித் தரையின் இரு பக்கமும் வெயில் படச் செய்வதும் உண்டு.

பிரதேசத்துக்குத் தக்க மாறுதலும் வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாரலாக அடிக்கும். அங்கே வடக்கிலும் கிழக்கிலும் தாழ்வாரத்தை நன்றாக இறக்குதல் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரேயுள்ள பொள்ளாச்சி, கோயமுத்தூர்ப் பக்கங்களிலும், செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரேயுள்ள தென்காசிப் பக்கத்திலும் ஆனி ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். அங்கே மேற்குப் பக்கத்தை முழுச்சுவராக எழுப்புவதே நல்லது.

அளவுகள்

வளர்ந்த பசு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 3½ சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 38 சதுர அடி இடமும், எருமைக்கு 4 சதுர மீட்டரும், இளங்கன்றுக்கு 1 சதுர மீட்டரும் வேண்டும் என்பது பொதுவான அளவு. வெளியே அவிழ்த்துவிடத் திறந்த முற்றம் இருப்பின், இவ்வளவைப்போல் இரண்டு மடங்கு அதற்கு ஒதுக்குக.

உதாரணமாக, உழவு மாடு இரண்டும் கறவை மூன்றும் இரண்டு கன்றுகளும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாடுகளை ஒரே வரிசையில் நிறுத்தினால், மாடு ஒன்றுக்கு 4 அடி வீதம் 20 அடி நீளமாகும். ஒரு கோடியில் கன்றுக்கு 6 அடி விட்டுத் தடுத்தால் மொத்த நீளம் 26 அடி. அகலமோ, தீனித்தொட்டிக்கு 2 அடி, மாடு நிற்க 5½ அடி, சாக்கடைக்கு 1 அடி, பின்புறம் நடந்து பால் கறக்கவும் கூட்டிப் பெருக்கவும் 3½ அடி, ஆக 12 அடி. எனவே 26 அடிக்கு 12 அடி கொட்டில் இக்குடும்பத்துக்குப் போதும்.

மாடு நிற்கும் இடத்தின் நீளந்தான் இவற்றுள் மிக முக்கியமானது. இது அதிகமானால் சாணம் சாக்கடையில் விழாமல் மாடு படுக்குமிடத்திலேயே விழும். குறைந்தால் பின்கால் சாக்கடைக்குள் இறங்கி மாடு சிரமப்படும். ஆகவே கட்டுமுன் தம்முடைய மாடுகளிலே நீளமானதைத் தொட்டி வரவேண்டிய இடத்தில் முளையடித்துக் கட்டி, அது நிற்கும்போது பின்குளம்பு ஊன்றும் இடத்தில் அடையாளமிட்டு, அதன்படி அளவைச் சற்றே கூட்டியோ குறைத்தோ கொள்க. சுவர் எழுப்புமுன் நான்கு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டி, வைக்கோற்கட்டு சுமந்த ஆள் உள்ளே போய் வரமுடிகிறதா, மாட்டைத் திருப்ப இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் செலவில்லாத பரீட்சையாகும்.

தரை

பணம் குறைவாயிருப்பின் சுவரிலே குறைக்கலாம், கூரையிலே குறைக்கலாம், தரையிலே குறைத்தல் கூடாது. கெட்டித்த மண்ணின்மேல் 6 அங்குலம் உடைகல் பரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் 4 அங்குலம் ஜல்லிக் காரை போடுக. சிமிட்டியானாலும் சுண்ணாம்பானாலும் மேற்பூச்சை மெருகு ஏற்றி வழவழப்பாக்கலாகாது. நனைந்த மெருகுத் தரையில் வழுக்கி விழுந்து சினை மாடு கன்று வீசுவதும், உழவு மாடு இடுப்பு முறிவதும் உண்டு. பூச்சு ஈரமாயிருக்கும்போதே பலகை விளிம்பினால் நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கீறிவிடுக. கருங்கல் பாவுவோர் பொளிந்த பக்கம் மேலே வரும்படி பாவி, இடுக்குகளைக் காரையால் நன்கு அடைக்க வேண்டும்.

தொட்டியிலிருந்து சாக்கடைக்குத் தரை சரிந்திருக்க வேண்டும். சரிவு 40 அடிக்கு ஓரடி என்ற விகிதம் போதுமானது. 5½ அடிக்கு ஒன்றரை அங்குலம் தாழ்ந்தால் இவ்விகிதம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். சரிவு மிகுந்தால் தண்ணீர் சீக்கிரம் ஓடும் என்று எண்ணி அதிகமாய்ச் சரிப்பது தவறு. அவ்வாறு செய்தால் மாட்டின் பாரமெல்லாம் பின்கால்களில் இறங்குவதோடு, நிறைசினை மாடுகளுக்கு அடிதள்ளும் உபத்திரவமும் நேரிடக்கூடும்.

கெட்டித் தரையில் மாட்டை வெறுமனே படுக்கவிடலாகாது. முழங்கால் தேய்ந்து புண்ணாகும். தின்று கழித்த வைக்கோல், கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோல், மரச்சருகு ஆகியவற்றில் எது மலிவாய்க் கிடைக்கிறதோ அதைப் படுக்கையாய்ப் பரப்புக. உலர்ந்த வைக்கோல் தன் எடையைப்போல் இரு மடங்குக்கு மேலும் நீரை உறிஞ்சும். ஆதலால் காலையில் வாரி எருக்குழியில் இடும் படுக்கையே, மூத்திரத்தைக் கொட்டிலிலிருந்து குழிக்குக் கொண்டுபோகும் முதல் வாகனமாம்.

சாக்கடையும் தொட்டியும்

சாக்கடை ஓரடி அகலம் போதும். தலைமாட்டில் 2 அங்குல ஆழமும், கோடியில் 5 அங்குல ஆழமுமாகப் படிப்படியாய் இறங்கட்டும். ஆழம் மிகுந்தால் மாட்டின் கால் சிக்கும். விளிம்பும் அடியும் கூர்மூலையின்றி உருண்டையாக இருந்தால், ஒரே வீச்சில் பெருக்கிவிடலாம். தரை முடிந்து பூச்சு காயுமுன் ஒரு குடம் தண்ணீரைத் தொட்டியின் பக்கம் ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காமல் சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து கோடிக்கும் ஓடினால் கொத்தனார் வேலை சரி. தேங்கினால் அப்போதே திருத்திக்கொள்க. காய்ந்தபின் திருத்துவது இரட்டைச் செலவு.

சாக்கடையின் கோடியில், கூரைக்கு வெளியே, 3 அடிக்கு 3 அடி சதுரமும் 2 அடி ஆழமுமுள்ள பூசிய தொட்டி கட்டி, மேலே கற்பலகை மூடுக. இதில் 500 லிட்டர் கொள்ளும். மூத்திரமும் சிறிது கழுவுநீரும் சில நாள்வரை தங்க இது போதும். தொட்டியை மூடாமல் விட்டால் சத்து ஆவியாய்ப் போகும், கொசுவும் வளரும். சேர்ந்ததை வாரம் இருமுறையாவது முகந்து எருக்குழியின்மேல் ஊற்றுக. கூரையிலிருந்து விழும் மழைநீர் இத்தொட்டிக்குள் வாராதபடி தனிக் காலாக வெளியே விட்டுவிடல் அவசியம்.

தீனித்தொட்டி, கூரை முதலியன

தீனித்தொட்டியின் அடி, மாடு நிற்கும் தரையைவிட ஓரடி உயர்ந்திருக்கட்டும். மாட்டின் பக்கத்து விளிம்பு 2 அடி உயரமும், சுவர்ப்பக்கம் அதைவிட உயரமுமாக இருந்தால் தீனி வெளியே சிதறாது. உள்மூலைகளை உருண்டையாகப் பூசினால் பழைய தீனி தங்கிப் புளிக்காது. கறவை மாடு வேனிலில் நாளொன்றுக்கு 50, 60 லிட்டர் தண்ணீர் குடிக்கக்கூடும். ஆதலால் தண்ணீர்த்தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

வடபுறச் சுவர் நாலரை அடி உயரம் இருந்தால் போதும். அதற்குமேல் திறந்துவிட்டால் காற்று தாராளமாய்ப் போய்வரும். நாற்புறமும் அடைத்த கொட்டிலில் மூத்திர ஆவி தங்கி மாட்டின் கண்ணையும் சுவாசத்தையும் உறுத்தும். சுவர்விட்டம் 8 அடியிலும் முகடு 12 அடியிலும் அமையட்டும். கீற்று வேய்வதானால் முகட்டை இன்னும் ஓரடி உயர்த்தினால் மழைநீர் விரைவில் வடியும். தாழ்வாரம் இரண்டரை அடி வெளியே நீளுதல் வேண்டும். தகரம் நெடுநாள் உழைக்கும் என்பது மெய்யே. ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழ் நிற்கும் கலப்பின மாடு நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும், பாலும் குறையும். ஏற்கெனவே தகரம் போட்டவர்கள் மேற்புறம் வெள்ளையடித்தோ, கீற்றைப் பரப்பிக் கட்டியோ வெப்பத்தைக் குறைக்கலாம்.

பலமான காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிடக் கீழிருந்து தூக்குவதே அதிகம். 2018 நவம்பர் 16 ஆம் தேதி வேதாரணியம் பக்கத்தில் கரையேறிய கஜா புயலில் கீற்றுக் கொட்டில்கள் எவ்வாறு பறந்தன என்பதை அப்பகுதிக் குடியானவர்கள் மறந்திரார். கடற்கரைக்கு அருகிலுள்ளோர் தூண்களை ஆழப் புதைத்து, மூலைகளில் குறுக்குச் சட்டம் கொடுத்து, வாரைகளை விட்டத்தோடும் விட்டத்தைத் தூணோடும் இரும்புப் பட்டையால் பிணைத்துக்கொள்க. புயல் அறிவிப்பு வந்தவுடன் மாடுகளை அவிழ்த்துவிட மறத்தலாகாது. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கொட்டிலுக்கு மிக ஏற்றது. ஆனால் பனைமரம் வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என 2021 ஆம் வருஷத்து வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்திருப்பதால், முறைப்படி அனுமதி பெற்றோ, பழைய வீடு பிரித்த சட்டங்களை வாங்கியோ உபயோகிப்பது நன்று.

எருக்குழி

கொட்டிலின் தாழ்ந்த பக்கத்தில் 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழிகள் இரண்டு வெட்டுக. ஒன்று நிரம்பும்போது மற்றொன்று மக்கும். குழி முழுவதும் பரப்பாமல், ஒரு கோடியில் மூன்றடி நீளப் பகுதியை மாத்திரம் முதலில் நிரப்புக. அன்றாடம் சாணம், நனைந்த படுக்கை, கூளம் ஆகியவற்றை ஒழுங்காய்ப் பரப்பி மூத்திரத் தொட்டி நீரை ஊற்றுக. தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்தவுடன் அப்பகுதியைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டு, அடுத்த மூன்றடிக்குச் செல்க. நான்கைந்து மாதத்தில் நன்கு மக்கிய எரு கிடைக்கும். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்காய்க் கிடக்கும் குப்பைமேட்டு எருவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயிரே காட்டும்.

கையில் பணமில்லாதவர்க்கு

கெட்டித் தரை போட இயலாதவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஸர் ஆல்பர்ட் ஹோவார்ட், மூத்திரம் ஊறிய கொட்டில் மண்ணையே எருவாகக் கொள்ளும் முறையைக் கையாண்டார். மாடு நிற்குமிடத்தில் 6 அங்குல ஆழம் மண்ணைத் தோண்டியெடுத்து, உலர்ந்த வயல் மண்ணை நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். நனைந்து குழிவிழும் இடங்களில் அவ்வப்போது புதுமண் இட்டுவர வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அம்மண் முழுவதையும் வெட்டி எருக்குழியில் இட்டுவிட்டு, மறுபடியும் புதுமண் நிரப்புக. இதற்கு வேண்டியது உடலுழைப்பு ஒன்றே. ஆனால் மண்தரை எக்காலத்திலும் சேறாகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். மழைக்காலத்துக்கு வேண்டிய உலர்மண்ணை வேனிலிலேயே கொட்டிலின் ஓரத்தில் சேமித்து வைத்தல் அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கு

கொட்டில் கட்டியபின் எழும் வழக்குகளில் பெரும்பாலானவை எல்லையைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியுமே. அஸ்திவாரம் தோண்டுமுன் நத்தம் பட்டாவையும் புலப்படத்தையும் ஒத்துப்பார்த்துக் கல் காட்டிவிட்டால், புறம்போக்கில் தெரியாமல் ஏறுவதும் பின்னர் இடிப்பதும் நேரா. கொட்டில் நீரைத் தெருவிலும் ஊருணியிலும் விடுவதைத் தடுக்கும்போது, அதனைத் தொட்டியில் பிடித்தால் உரமாகும் என்பதையும் எடுத்துரைப்பீராக. தண்டனைக்கு அஞ்சிச் செய்வதைக் காட்டிலும் லாபங்கருதிச் செய்வது நிலைத்து நிற்கும். ஊரில் ஒருவர் செம்மையாகக் கட்டிக் காட்டுவாராயின், பிறர் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வர்.

தை அறுவடை முடிந்து வைக்கோலும் ஆளும் கிடைக்கும் காலத்தில் தொடங்கி, ஆடிக்காற்றுக்கு முன்னர் கூரையை முடிப்பது உத்தமம். பழைய கொட்டில் உள்ளவர்கள் முழுவதும் இடிக்க வேண்டியதில்லை. இவ்வருஷம் தரையும் சாக்கடையும் தொட்டியும் செய்துகொண்டு, கூரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இதில் சந்தேகமுள்ளோர் அருகிலுள்ள விவசாய உத்தியோகஸ்தரையோ கால்நடை வைத்தியரையோ அழைத்து, கயிறு பிடிக்கும் அன்றே ஸ்தலத்தைக் காட்டி யோசனை பெற்றுக்கொள்வார்களாக.